மருமகன்ட ஈப்பெட்டி

ஈ அடிச்சே வயசு போன ஆள் நான். கல்முனைச் சந்தையில் வாழைப்பழக் கடை வைத்திருந்தேன். பழம் கனிந்தால் அந்தப் பொடி ஈ எங்கிருந்தாவது வந்துவிடும். துணியால் விசுக்கி விசுக்கியே கை ஓய்ந்து போகும். அதே ஈயைப் பெட்டியில் போட்டு வளர்க்கிற ஒருத்தருக்கு என்ட மகளைக் கொடுப்பேன் என்று நான் நினைக்கவேயில்லை.

மருமகன் றிம்சானுக்குக் கம்பஸில் ஈயை வைத்து ஆராய்ச்சி செய்கிற வேலை. எங்கட ஊரில் மாப்பிள்ளைதான் பொண் வீட்டுக்கு வருவார். வீட்டை மகள் இன்ஷிராவின் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மனிசி மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு, நான் முன்அறையில் ஒதுங்கிக் கொண்டேன். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் நோன்புக்குக் கம்பஸ் லீவு என்று அவர் ஈப்பெட்டியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாரே, அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிச்சல்தான்.

ஈக்குச் சாப்பாடு கடல்பாசி. நோன்பு திறக்க நாங்கள் காய்ச்சுகிற அதே கடல்பாசி, பழமும் சீனியும் போட்டு. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இன்ஷிரா அடுப்பில் முதலில் ஏற்றுவது ஈயின் சட்டியைத்தான். சின்னக் குழாய்களில் அவள் ஊற்ற, அவர் பஞ்சால் அடைக்க, இரண்டு பேரும் குசுகுசு என்று சிரிப்பார்கள். எனக்குள்ளது பிறகு வரும், சரியாக உறையாமல். சுணங்கிவிட்டது வாப்பா என்பாள். உம்மா போன நாளிலிருந்து என்ட கோப்பையை முதலில் வைத்த பிள்ளை அவள்.

இந்த ஈயில் என்னத்தைப் பார்க்கிறீர் என்று ஒருநாள் கேட்டேன். ஈயின் உடம்புக்குள் மணிக்கூடு இருக்காம். இரவானால் ஒரு வகைப் புரதம் உள்ளே சேர்ந்துகொண்டு வருமாம். விடிந்து வெளிச்சம் பட்டால் அது அழிந்து போகுமாம். அதை வைத்துத்தான் ஈ நேரம் அறியுமாம். முழு இருட்டில் அடைத்து வைத்தாலும் தன்ட நேரத்துக்கு எழும்புமாம். இடையில் வெளிச்சம் பட்டால் மட்டும் மணிக்கூடு பிழைத்து நேரம் மாறிவிடுமாம். நான் நம்பவில்லை. படித்தவர்கள் இப்படி எத்தனை கதை விடுவார்கள்.

ஒன்றை மட்டும் நம்பினேன். நோன்புப் பெருநாள் வரைக்கும் இந்த ஈக்கள் இருட்டில் ஒழுங்காக எழும்பினால், அந்த முடிவை ஜெர்மனியில் ஒரு கம்பஸுக்கு அனுப்பி வேலை கேட்பாராம். அவர்கள் ஓம் என்றால் இன்ஷிராவையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இதை அவள் வாயாலேயே சொன்னாள், முகமெல்லாம் பூரித்துப்போய். என்னை யார் பார்ப்பது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விடியமுன் நோன்பு பிடிக்கச் சாப்பிட எழும்பிய ஒரு சஹருக்கு அவள் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள், அவர் குளிக்கப் போயிருந்தார். நான் பெட்டியைத் திறந்து டோர்ச் அடித்தேன். ஈக்கள் குழாய்க்குள் சும்மா ஒட்டிக்கொண்டு இருந்தன. மணிக்கூடு பிழைக்கிறதென்றால் பிழைக்கட்டும் என்று நன்றாகவே அடித்தேன். சஹர் நேரம் வீடே விழித்திருக்கும், யாரென்று கண்டுபிடிப்பார்?

ஈ அசைவதை எண்ணி கம்பியூட்டரில் கோடு கீறும் கருவி ஒன்று அந்தப் பெட்டியில் இருந்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டு நாளைக்குப் பிறகு அவர் அந்தக் கோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை.

"ஆரோ பெட்டியத் திறந்திரிக்காங்க மாமா. ராவைக்குத் தராவீஹ் தொழுகை நேரம் வெளிச்சம் பட்டிருந்தா ஈ பிந்தி எழும்பும். இது முந்தி எழும்பியிரிக்கி. விடியக்கிட்ட பட்ட வெளிச்சம். விடிஞ்சிட்டு எண்டு நினைச்சிரிக்கி."

 தராவீஹ் நேரம் அவர் பள்ளிவாசலில் இருப்பார், வீட்டுக்கு யாரும் வந்து போகலாம். சஹருக்கு எழும்புகிறவர்கள் இந்த வீட்டில் மூன்று பேர்தான்.

"நான்தான் மச்சான்," என்றாள் இன்ஷிரா. "ஈ வெளிய வந்துட்டோ எண்டு டோர்ச் அடிச்சிப் பாத்தன்."

அவர் அவளைப் பார்த்தார். சொல்லியிருக்கலாம்தானே என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அந்த ஆள் நம்பினார். அது எனக்கு இன்னும் எரிந்தது.

பிறகு அவள் என்ட அறைக்கு வந்து கையை நீட்டினாள்.

"டோர்ச்சத் தாங்க வாப்பா."

கொடுத்தேன்.

"பெருநாளைக்குப் பிறகு அவர் புதுசாத் தொடங்குவார். அதுவும் பிழைச்சா திரும்பத் தொடங்குவார். எப்ப போனாலும் நான் அவரோடதான் போவன். இனி உங்களுக்காகப் பொய் சொல்லமாட்டன்."

 அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் இருந்தேன். போகட்டும். ஜெர்மனியில் எத்தனை வருசம் அவரோடு இருந்தாலும், நோன்போடு அவரிடம் பொய் சொன்னதை அவள் வாய் திறந்து சொல்லமாட்டாள். சொன்னால் என்னைக் காட்டிக் கொடுக்க வேண்டி வரும். அந்த ஒன்றில் அவருக்குப் பங்கு இல்லை. அது எனக்கும் என்ட மகளுக்கும் மட்டும்.