கேமரா இல்லாத வராந்தா

மருத்துவமனை வாசலில் மைக்கை நீட்டியவர்களைப் பார்த்ததும் குக்கர் கம்பெனி முதலாளி காரிலிருந்து இறங்கத் தயங்கினார். மைக் அவருக்குப் புதிதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பேட்டியில், தெருத்தெருவாகப் பாத்திரம் விற்ற நாட்களைச் சொல்லும்போது தன்னை மீறி அழுதுவிட்டார். அன்றிலிருந்து ஊருக்கே அவர் 'வேஷம் போடாத மனுஷன்'. அப்புறம் எந்த மேடை ஏறினாலும் அந்தக் கதையைச் சொன்னார். அதே இடத்தில் குரல் தழுதழுத்தது. அது தானாக வருகிறதா, வரவழைக்கிறோமா என்று யோசிப்பதை எப்போதோ விட்டுவிட்டார்.

அன்று காலை கம்பெனியில் பாய்லர் வெடித்து, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் இந்த மருத்துவமனைக்குள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்.

"விசாரணை நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க சார். அதுக்கு மேல வாயைத் திறக்காதீங்க," என்றாள் கம்பெனி விளம்பரங்களைக் கவனித்துக்கொள்ளும் பெண்.

தலையாட்டினார். ஆனால் கேமரா விளக்கு முகத்தில் அடித்ததும் வாய் தன் பாட்டுக்குப் பேசியது. "பாய்லர் வால்வு சரியில்லைன்னு ஃபிட்டர் போன மாசமே சொன்னாரு. ஆர்டர் முடியட்டும்னு நான்தான் தள்ளிப்போட்டேன். தப்பு என்னோடது." குரல் உடைந்தது. நிருபர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் அந்த வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. "தப்பை ஒத்துக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்னு எழுதுறாங்க சார்," என்றாள் அந்தப் பெண், நம்ப முடியாமல். "நான் உக்காந்து எழுதியிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது."

அவர் போனை வாங்கி அந்த வீடியோவைப் பார்த்தார். சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் கேமரா இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. போலீஸைவிட அந்தத் 'தெரியவில்லை'தான் அவரைப் பயமுறுத்தியது.

யாரையும் கூட்டிக்கொள்ளாமல் மாடியேறினார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வராந்தாவில் ஃபிட்டரின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். பதற்றத்தில் போனை வீட்டிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தவள். எதுவும் அவள் காதுக்கு எட்டியிருக்கவில்லை.

"வந்துட்டீங்களா அண்ணா? எப்படி வெடிச்சுதுன்னு யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்க சொன்னா நம்புவேன். உங்களை டிவில பாத்திருக்கேன்."

வாயைத் திறந்தார். கீழே அத்தனை பேர் முன்னால் மளமளவென்று வந்த சொற்களில் ஒன்றுகூட இப்போது எழும்பவில்லை.

அவர் களைத்துப்போயிருக்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, பக்கத்து நாற்காலியில் இருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் உட்கார இடம் விட்டாள்.