ஒரு அசிஸ்ட் குறைவு

கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்த்துச் சொல்வது பக்கத்து நாற்காலிக் கண்ணாடிக்காரர் வேலை. தலை நிமிராமல் கணினியில் பதிவது அக்காவின் வேலை. மூன்று வருடமாகத் தம்பியின் ஆட்டம் அவளுக்குக் காதில் விழும் எண்கள்தான். நாளை அவன் வெளிநாட்டு அணிக்குப் போகிறான்.

இன்று ஒரே ஒருமுறை நிமிர்ந்தாள். தம்பி திரும்பிப் பார்க்காமலே பின்னால் பந்தைத் தள்ள, கூட்டாளி அதைக் கூடையில் போட்டான்.

"பதினொண்ணாம் நம்பர், ரெண்டு பாயின்ட். பந்து கொடுத்த உன் தம்பிக்கு அசிஸ்ட். ஏம்மா, தூங்கிட்டியா?"

பதறிப்போய்ப் புள்ளியை மட்டும் தட்டினாள்.

ஆட்டம் முடிந்ததும் தம்பி புள்ளிவிவரத் தாளை வாங்கினான்.

"என்னக்கா, அசிஸ்ட் பூஜ்ஜியமா? கண்ண எங்க வச்சிருந்த?"

"உன் மேலதான்டா."

கேலி என்று நினைத்துச் சிரித்தவன், அணியின் பேருந்துக்கு ஓடினான். காலி அரங்கில் அவள் கணினியில் பூஜ்ஜியத்தை அழித்து ஒன்று என்று போட்டாள்.