இரண்டாவது மாடு

"ரெண்டாவது மாடு எங்க சார்?"

இதைத் தவிர எதை வேண்டுமானாலும் கேள் என்று அப்பா அவளிடம் சொல்லியிருந்தார். லீவு கேள், மின்விசிறி கேள், மேனேஜர் நாற்காலியையே கூடக் கேள். இரண்டாவது மாட்டை மட்டும் கேட்காதே. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.

மேனேஜர் கையிலிருந்த சான்றிதழ் அட்டையால் விசிறிக்கொண்டார். "டாக்டரம்மா காலைல சாப்பிடலையா?"

களத்தின் நடுவே ஒரே ஒரு மாடு நின்றது. பால்காரருடையது. பதினோரு வருடமாக முதல் பரிசு வாங்கி வாங்கிப் பெயரே சாம்பியன் ஆகிவிட்டது. சுற்றிலும் கார் கண்காட்சிக்குச் சிவப்புக் கம்பளம் விரித்துக்கொண்டிருந்தார்கள், மாடு நின்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டு.

இந்த மைதானத்தைத் தானமாக எழுதிக்கொடுத்தவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வருடம் ஒருமுறை இங்கே மாட்டுப் போட்டி நடக்க வேண்டும்; தவறினால் நிலம் அவர் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். அந்தக் காலத்தில் கொட்டகை கொள்ளாமல் மாடுகள் வந்தன. சாயங்காலம் ராட்டினமும் சர்க்கஸும். இப்போது மெத்தை விற்பனை, கல்யாண வரவேற்பு, தேர்வு மையம். கொட்டகைகளில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கின்றன. நிபந்தனை மட்டும் சாகவில்லை. அதற்காக ஒரு மாடு, ஒரு போட்டோ, நடுவரின் ஒரு கையெழுத்து.

முன்பெல்லாம் கொட்டகைக் காவலரான அப்பாதான் நடுவர். போன வருடம், மாட்டு வைத்தியம் படித்த நடுவர் வேண்டும் என்று வாரிசுகளின் வக்கீல் எழுதினார். அதே மாதம் அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. மதிப்பெண்ணைப் பார்த்து எடுத்தார்கள் என்று வீடே நம்பியது.

"போன வருஷம் போட்டீங்கல்ல? அதே பேனாதான்," என்றார் மேனேஜர்.

போட்டாள். அன்று கேட்டில் ஒரு பெண் நின்றாள். கையில் கயிறு, பின்னால் ஒரு செவலைப் பசு. எங்கோ சுவரில் அழியாமல் இருந்த பழைய விளம்பரத்தைப் பார்த்து இரண்டு நாள் நடந்து வந்திருந்தாள். "பதிவு முடிஞ்சிருச்சும்மா" என்றது இவள்தான். அந்தப் பெண் சண்டை போடவில்லை. "சும்மா பாத்துட்டாவது சொல்லுங்களேன், நல்ல மாடான்னு," என்றாள். இவள் பார்க்காமலே உள்ளே வந்துவிட்டாள். பார்த்திருந்தால் சொல்ல வேண்டியிருக்கும்.

"காரு விக்கிறதாலதான் கூரை நிக்குது," என்றார் மேனேஜர். "மாட்டை நம்பியிருந்தா இங்க என்னைக்கோ பாம்பு குடி வந்திருக்கும்."

அது பொய்யில்லை. அதுதான் எரிச்சல்.

"காரும் வரட்டும் சார். ஒரு நாள் மாட்டுக்கும் கேட்டைத் திறங்க."

"கம்பளத்துல சாணி போட்டா யார் அள்றது?"

அவர் வாயை மூடுமுன் சாம்பியன் போட்டது. யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜர், மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்தார். "பெரியவரே, பொண்ணுக்குச் சொல்லுங்க. நிலம் போனா உங்க ரூமும் போகும்."

அப்பா மாட்டுக் கயிற்றைச் சுருட்டிப் பிரித்தார். "கையெழுத்துதானே பாப்பா."

அவர் வைத்ததெல்லாம் கைநாட்டு. மேலே என்ன எழுதியிருக்கிறதோ, யார் கண்டது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு வழி இருந்தது. அவளைப் படிக்கவைத்து அந்த வழியை அடைத்தவரும் அவரேதான்.

அவள் சாம்பியனின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். தேய்ந்து மொட்டையாகிக் கிடந்தது. அட்டையை வாங்கி, வந்தது ஒரே மாடு, போட்டி நடக்கவில்லை என்று எழுதி, பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போட்டாள். கைபேசியில் படம் பிடித்து வக்கீலுக்கு அனுப்பினாள். அவர் எண் ஒரு வாரமாகவே அதில் இருந்தது.

"என்னம்மா எழுதினே?"

"உள்ளதைத்தாம்பா. என்கூட வந்துடுங்க."

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். வாரிசுகள் இங்கே அடுக்குமாடிதான் கட்டுவார்கள். இனி ஒற்றை மாடுகூட வராது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

மேனேஜர் யாருக்கோ போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். காலையிலேயே கட்டி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு, கம்பளத்தின் மேலேயே நடந்து கேட்டுக்கு வந்தாள். சாலை இரண்டு பக்கமும் போயிற்று. அந்தப் பெண் பசுவோடு எந்தப் பக்கம் திரும்பினாள் என்றுகூட அன்று அவள் நின்று பார்த்திருக்கவில்லை. கேட்டைச் சாத்தாமல் வெளியே நடந்தாள்.