தூங்குகிற கரடி

வழிகாட்டி இனூத்தெக் கையை நீட்டி, வலது கரையில் கிடந்த மஞ்சளோடிய பாறையைக் காட்டினான். "கரடி," என்றான். சுற்றுலாக் கப்பலின் மேல்தளத்தில் நின்ற தொண்ணூறு பேரும் அந்தப் பக்கமாகச் சாய்ந்தார்கள்.

ஏழு நாளாகப் பனிக்கரடி, பனிக்கரடி என்று அரற்றிக்கொண்டிருந்தவர்கள். பனிப்பாளத்தில் படுத்திருந்த சீல் ஒன்றை நேற்று அவன் காட்டியபோது, "இதத்தான் முந்தாநாளே பாத்தாச்சே" என்று பிஸ்கட் தின்னப் போனவர்கள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் ஆட்டு விலா எலும்பை உறிஞ்சியபடியே, "நீங்க நெஜமாவே திமிங்கிலத்தக் கொல்லுவீங்களா? பாவம் இல்லையா?" என்று கேட்டாள் ஹனலோர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். அன்று மாலையே பயணத் தலைவி பிரிட்டா அவனைத் தனியே கூப்பிட்டாள். "சாப்பாட்டு மேசையில வேட்டைப் பேச்சு வேணாம். அவங்களுக்குச் சாப்பாடு எறங்காது." பல் டாக்டருக்கு இரண்டாவது தட்டும் இறங்கியதை அவன் பார்த்திருந்தான்.

அவன் பாறையைக் காட்டியதற்குக் காரணம் இடது பக்கம் இருந்தது. தொலைவில், மலையடியில், நீர்மேல் சின்னச் சின்னப் புகையாக மூச்சு எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது. கொம்புத் திமிங்கிலங்கள். அவற்றுக்கும் கரைக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று, அவன் தங்கை புருஷன் அவிகியாக்கின் கயாக், ஒற்றையாள் துடுப்புப் படகு. இங்கே மோட்டார் படகில் போய்த் திமிங்கிலம் அடிக்கிற வழக்கம் கிடையாது. துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர்கூட அதற்குக் கேட்கும். மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்து, அது தானாக அருகில் வந்து மூச்சுவிடும்போது ஈட்டி எறிய வேண்டும். இந்தக் கோடையில் அவிகியாக்குக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் திமிங்கிலங்கள் தெற்கே போய்விடும். தங்கை வீட்டில் ஐந்து பேர், பதினொரு நாய்கள். அதற்குப் பிறகு குளிர்காலம்.

பிரிட்டா தொலைநோக்கியை இறக்காமலே அருகில் வந்தாள். "அது கல்லு," என்றாள் மெதுவாக.

"தெரியும்."

"பொழைக்கத் தெரிஞ்ச ஆளுப்பா நீ." மைக்கை எடுத்தாள். "நண்பர்களே, பெரிய ஆண் கரடி. அசந்து தூங்குது."

யாரோ விம்மினார்கள். அது காதை ஆட்டியதாக ஒருவர் சத்தியம் செய்தார். "மூச்சு விடுது பாருங்க, வயிறு ஏறி எறங்குது," என்றாள் ஹனலோர். முழங்கை நீள லென்ஸ் அவளுடையது. இந்தக் கண்களுக்கா பயந்தோம் என்று இனூத்தெக்குக்குச் சிரிப்பு வந்தது. இவர்களுக்குக் காட்ட இந்தக் கரை நெடுகக் கற்கள் கிடந்தன.

மைக் மறுபடி பேசியது. "பாவம், அதத் தொந்தரவு பண்ண வேணாம். மரியாதையா ஒதுங்கிடுவோம். கேப்டன், இடது கரையோரமாப் போங்க." எல்லோரும் கைதட்டினார்கள், தங்கள் பெருந்தன்மைக்கு.

"அந்தப் பக்கம் வேணாம், பிரிட்டா."

"இங்கயே நின்னா கல்லுன்னு தெரிஞ்சிடும்யா."

"அங்க ஆழம் பத்தாது."

"கேப்டன்கிட்ட வரைபடம் இருக்கு." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏன், அங்க என்ன இருக்கு?"

சொன்னால் அடுத்த நிமிடம் மைக்கில் திமிங்கிலம். சொல்லாவிட்டால் கப்பல். வாயைத் திறந்தான். "ஒண்ணுமில்ல," என்றது அது.

காலடியில் இரும்பு அதிரத் தொடங்கியது. மலையடியில் மூச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஈரமான முதுகு ஒன்று, இன்னொன்று, பிறகு வெறும் தண்ணீர்.

"அய்யோ, அங்க பாருங்க, ஒரு வேட்டைக்காரர்!" ஹனலோர்தான் முதலில் பார்த்தாள். "எவ்வளவு அமைதியா ஒக்காந்திருக்காரு!"

கேமராக்கள் திரும்பின. அவிகியாக்கின் கையில் ஈட்டி இன்னும் ஓங்கியபடியே இருந்தது. கப்பல் கிளப்பிய அலை போய்க் கயாக்கைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கியது. அவன் ஈட்டியைத் தாழ்த்தித் துடுப்பைத் தண்ணீரில் படுக்க வைத்தான்.

"நம்மளப் பாத்துக் கை காட்டச் சொல்லுங்களேன்," என்றாள் ஹனலோர் இனூத்தெக்கிடம். "ஒங்க பாஷைல சொல்லுங்க."

அவிகியாக் தலை நிமிர்ந்தான். கைப்பிடியோரம் ஒரே மாதிரிச் சிவப்புக் குளிரங்கியில் நின்றவர்களை ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். இனூத்தெக்குக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.