ஒரு நாளைக்கு மட்டும் பதினாலு பிள்ளைகள்

மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவிலிருந்து மேற்பார்வை அதிகாரி வருகிறார் என்ற செய்தி திங்கட்கிழமை காலை வந்தது. மதியத்துக்குள் டுவைட் பச்சேகோ என் அறை வாசலில் நின்றார். எங்கள் கல்வி மாவட்டத்தில் பள்ளி விட்ட பிறகு நடக்கும் வகுப்புகளும் கோடை முகாம்களும் அவர் பொறுப்பு. ஒரு பள்ளியின் முகாமை நடத்துகிறவள் நான்.

"ஒதீலியா, நாளைக்கு எத்தன பிள்ளைங்க இருப்பாங்க?"

"நாப்பது சார். ரெண்டு அறை, ரெண்டு பேர்தானே இருக்கோம்."

"மூணு அறைன்னு எழுதிக் குடுத்திருக்கோம்."

மூன்றாவது அறைக்கு அரசு தந்த பணம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் செயற்கைப் புல்லாக விரிந்து கிடந்தது. என் பிள்ளைகள் அதை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தார்கள்.

"காத்திருக்கிற பட்டியல்லேருந்து பதினாலு பேரக் கூப்பிடுங்க. ஆபீஸ்லேருந்து ரெண்டு பொண்ணுங்கள அனுப்புறேன். ஒரு நாள்தான்."

"வீட்டுல என்னன்னு சொல்றது?"

"இடம் கெடச்சிருக்குன்னு சொல்லுங்க. நாளைக்கு இடம் இருக்குல்ல, அப்புறம் என்ன பொய்?"

கூப்பிட்டேன். ஒரு நாளைக்கு மட்டும் என்று சிலரிடம் சொன்னேன். எரெந்திரா சல்திவாரிடம் சொல்லவில்லை. ஆறு வயது மகள் யாரெட்ஸிக்காக அவள் இரண்டு வருடமாகக் காத்திருந்தவள். செய்தி கேட்டதும் போனிலேயே அழுதாள். அந்த அழுகைக்கு நடுவில் எனக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். பா ஹௌவா வாங் என்று பெயர், அதிகம் பேசாத பெண். மூன்று அறைகளையும் பார்த்தார், தலைகளை எண்ணினார். ஐம்பத்து நான்கு பேர் என்ற தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். போகும்போது தன் நம்பரைக் கொடுத்தார். "நாளைக்கும் இந்த ஊர்லதான் இருப்பேன். ஏதாவது சொல்லணும்னா கூப்பிடுங்க."

அன்று மாலையே டுவைட்டின் அலுவலகம், நாளை முதல் இடமில்லை என்று சொல்லப் பதினாலு வீடுகளுக்கும் போன் செய்தது. பதின்மூன்று பேர் எடுத்தார்கள். எரெந்திரா எடுக்கவில்லை.

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அவள் கார் வாசலில் நின்றது. யாரெட்ஸி சாப்பாட்டுப் பையோடு குதித்து இறங்கினாள்.

"மிஸ், ராத்திரி ஆபீஸ் தொடைக்கிற வேலைய விட்டுட்டேன்," என்றாள் எரெந்திரா. "பீச் பழம் பெட்டி போடுற ஷெட்டுல இன்னைக்கு மொத நாள். ஏழு மணிக்கு நிக்கலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

நான் விஷயத்தைச் சொல்வதற்குள் டுவைட் காபிக் கோப்பையோடு வந்துவிட்டார்.

"இந்தப் பிள்ளை பட்டியல்ல இல்லம்மா. உங்களுக்குப் போன் பண்ணினாங்களே."

"நேத்து இருந்தாளே?"

"நேத்து வேற."

அவள் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நேத்து எம் பொண்ண எதுக்கு வரச் சொன்னீங்க? தல எண்ணிக்கைக்கா?"

"ஆமா," என்றேன்.

டுவைட் என் பெயரை மெதுவாகச் சொன்னார். நான் திரும்பவில்லை. "நீங்க வேலைக்குப் போங்க. சாயங்காலம் வரைக்கும் பிள்ளை எங்கிட்ட இருக்கட்டும்."

"உங்கள நம்பியா?"

அவள் மணியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு யாரெட்ஸியின் கையை என் கையில் வைத்துவிட்டுக் காரை எடுத்தாள்.

"ஒருத்தருக்கு இருபதுக்கு மேல ஒண்ணு கூடினாலும் விதி மீறல்," என்றார் டுவைட். "போறது உங்க வேலைதான்."

"அப்ப மூணாவது ஆளா நீங்க உள்ள வந்து உக்காருங்க சார்."

அவர் காபியோடு போய்விட்டார். யாரெட்ஸியை உள்ளே உட்காரவைத்துவிட்டு, அதிகாரி கொடுத்த நம்பரை அழுத்தினேன்.

"நேத்து நான் கையெழுத்துப் போட்ட தாள் பொய்ங்க."

"இதச் சொன்னா உங்க பேரும் மாட்டும். தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பிள்ளைங்க இப்ப எங்க?"

"ஒரு பிள்ளை இங்க இருக்கா. மிச்சப் பேரு வீட்டுல. நூத்தாறு டிகிரி வெயில்ல யாரு பாத்துக்கிறாங்களோ தெரியாது."

அரை மணி நேரத்தில் வந்தார். காத்திருந்தவர்களின் முழுப் பட்டியலையும் கேட்டார், நாற்பத்தொரு பெயர். நேற்றைய, இன்றைய வருகைத் தாள்களை அருகருகே வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அன்று மதியமே மாவட்ட அலுவலகம் அவசரமாக இன்னொரு உதவியாளரை எங்களிடம் அனுப்பியது. யாரெட்ஸி அன்றும் அதற்குப் பிறகும் முகாமை விட்டு வெளியே போக வேண்டி வரவில்லை.

விசாரணை ஆறு வாரம் நடந்தது. புல்லுக்குப் போன தொகையை மாவட்டம் தன் பொதுப் பணத்திலிருந்து திரும்ப வைக்க வேண்டும் என்று முடிவானது. மூன்றாவது அறை ஜூலை கடைசியில்தான் திறந்தது. கோடையில் பாதி போய்விட்டிருந்தது. டுவைட்டைப் பாடநூல் பிரிவுக்கு மாற்றினார்கள், சம்பளம் குறையவில்லை. பொய்த் தாளில் இருந்தது என் கையெழுத்து. எனக்கு இரண்டு வாரம் சம்பளமில்லாத விடுப்பு; பிறகு முகாம் பொறுப்பு போய் அதே பள்ளியில் நூலக உதவியாளர் வேலை.

எரெந்திராவின் வேலை நிலைத்தது. சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வரும்போது நூலக ஜன்னல் வழியே என்னைக் கண்டால் தலையசைப்பாள். உள்ளே வந்து பேச மாட்டாள். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.