கங்காவின் கனிவுக்கு மதிப்பெண்

ஒரகடம் கூட்டு ரோட்டில் லாரி மோதி என் கணவர் செல்வநாதன் இறந்தது எண்பத்து மூன்றாம் வருஷம். அடக்கத்துக்குப் பிறகு எனக்கு அழுகை வரவில்லை. சோறு பொங்கினேன், துணி துவைத்தேன், கோயிலுக்குப் போனேன். அதைப் பார்த்துப் பயந்துபோன பங்குச் சாமியார் கங்காவை அனுப்பிவைத்தார். மணிமங்கலத்துப் பெண், துக்கத்தில் இருப்பவர்களோடு பேசி ஆற்றும் படிப்பைப் பட்டணத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

வாரம் ஒரு முறை வருவாள். என் சம்மதத்தோடு டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அதிகம் பேசமாட்டாள். நேரமானதும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவாள். துக்க வீட்டில் ‘போய்வருகிறேன்’ என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை.

“இன்னாடி, பொட்டியில ஒப்பாரி புடிச்சுகினு போறாளா?” என்பாள் அடுத்த வீட்டு சவரியம்மாள்.

“புடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லக்கா.”

ஒரு நாள் கங்காவின் ஆசிரியர் முனிரத்தினம் வந்தார். பதிவான நாடாவைக் கேட்டு கல்லூரியில் இரண்டு பேர் பரிவுக்கும் கனிவுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்களாம். கனிவில் கங்காவுக்கு ஒன்றுதான்.

“பாதி நேரம் சத்தமே இல்லம்மா. கிளம்பும்போதுகூட ஒரு வார்த்தை இல்ல. வேற பொண்ண அனுப்பறேன்.”

“சாவு வூட்ல சொல்லிக்கினு போவாங்களா சார்?”

“எனக்குத் தெரியுது. கேக்கறவங்களுக்கு நாடா மட்டும்தான். யார் வீடு, என்ன துக்கம்னு சொல்லக் கூடாது, அதான் முறை.” எழுந்துகொண்டார். “இன்னொரு தடவை பதிவு பண்ணட்டும். பாக்கலாம்.”

கங்காவிடம் ஒரு முறை சொல்லியாயிற்று; வேறொருத்திக்கு முதலிலிருந்து அந்த லாரியைச் சொல்ல என்னால் முடியாது. அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கங்கா வந்தாள். “உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுக்கா” என்றாள், பெட்டியைப் பார்த்து. இன்னொரு முறையும் சொன்னாள். என் கையைத் தொடவில்லை. கிளம்பும்போது பெட்டியை அணைக்காமல் கையில் பிடித்தபடி படியில் நின்றாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

“போய்ட்டு வா கங்கா” என்றேன் உரக்க.

“வரேங்க்கா.” சொல்லிவிட்டு அழுதாள்.

“அடிப்பாவிங்களா, சாவு வூட்ல பேசற பேச்சா இது!” வெளியே சவரியம்மாள் கத்தினாள். அதுவும் பதிந்திருக்கும்.

நான்கு மதிப்பெண் வந்ததாம். அடுத்த வாரமும் கங்காவே வந்தாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பாய் விரித்தேன், உட்கார்ந்தோம். லாரி என்ன நிறம் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.