பிறந்த வீட்டுச் சேலை

பழமலை வீட்டுப் பீங்கான் ஜாடிக்குள் தை மாதத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைக்கப்படும் சேலை, மறுநாள் விடிவதற்குள் காணாமல் போய்விடும். விருத்தாசலத்தில் இது நெல் விலையைப் போல எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஜாடியைப் பழமலையே தன் சூளையில் சுட்டு எடுத்தார்; ஒரு ஆள் குனிந்து தலையை விட்டுப் பார்க்கிற அளவு பெரியது. அவருடைய தாத்தா காலத்தில் அது மூங்கில் பெட்டியாக இருந்தது, அதிலிருந்தும் சேலை போனது. ஒரு வருஷம் உறவுக்கார ஏட்டு ஒருவர் நம்பாமல் ஜாடி மூடியைப் பிளாஸ்டர் போட்டு அடைத்து, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலையில் பிளாஸ்டர் அப்படியே இருந்தது. உடைத்துப் பார்த்தால் சேலை இல்லை. ஏட்டு டீ குடித்துவிட்டு டூட்டிக்குப் போனார்.

சேலை யாருக்குப் போகிறது என்பதிலும் ரகசியம் இல்லை. பூவாடைக்காரிக்கு. கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அந்த வீட்டில் கல்யாணம் என்றால் முதல் சேலை அவளுக்குத்தான். பழமலை வீட்டுப் பூவாடைக்காரி, அவருடைய தாத்தா காத்தவராயனின் தங்கை பச்சையம்மாள். மணிமுத்தாற்று வெள்ளம் அவளை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று காத்தவராயன் ஊருக்குச் சொன்னார். உடல் கிடைக்கவில்லை. சாமியாகப் போகிறவளின் உடல் எப்படிக் கிடைக்கும் என்று ஊரும் ஒத்துக்கொண்டது. கருமாதி முடித்து, அடுத்த தையில் முதல் சேலை வைத்தார்கள். மற்ற வீடுகளில் பூவாடைக்காரிக்கு வைத்த சேலையைப் பிறகு எடுத்து வீட்டுப் பெண்கள் கட்டிக்கொள்வார்கள். இவர்கள் வீட்டில் மட்டும் சாமியே வந்து வாங்கிக்கொண்டு போனாள். அதனால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு தனி மரியாதை. சம்பந்தம் பேச வருகிறவர்கள் ஜாடியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பாயில் உட்காருவார்கள்.

மரியாதை இருந்த அளவுக்குச் சேலை இல்லை. காத்தவராயன் கூறைச்சேலை வைத்தார். அவர் மகன் நூல் சேலைக்கு இறங்கினார். பொறுப்பு பழமலை கைக்கு வந்த சமயம், பீங்கான் பியூஸ் கட்டை சுட அவர் கட்டிய முதல் சூளை இடிந்து, வெந்த சரக்கு மொத்தமும் நொறுங்கிப்போனது. அந்தத் தையில் அவர் கடைவீதி ஜவுளிக்கடைக்குப் போய், முந்தானைக்குக் கீழே ஒரு சாண் கிழிந்திருந்த சிவப்புச் சேலை ஒன்றைப் பாதி விலைக்குக் கேட்டார். "சாமி என்ன பிரிச்சா பாக்கப் போவுது? கிழிசல மடிப்புக்குள்ள வச்சிக் குடுங்க பாய்" என்றார். கல்லாவில் இருந்த பெரியவர் தயங்கினார். பக்கத்தில் நின்ற அவர் மகன் பரக்கத்துல்லாதான் மடித்துக் கொடுத்தான். அந்தச் சேலையும் போனது. அது போனதால், எதை வைத்தாலும் போகும் என்று பழமலை கண்டுகொண்டார். அதற்குப் பிறகு சாயம் போனது, ஜரிகை கறுத்தது, கடையில் எவரும் தொடாத நிறம் என்று வருஷா வருஷம் போயிற்று. கடைசியில் சேலையைப் பிரித்து வைக்கக்கூடச் சோம்பல்பட்டு, கடையில் கொடுத்த மஞ்சள் பையோடு அப்படியே ஜாடிக்குள் போட்டு மூடினார். பையில் கடையின் பெயரும், கடைவீதி, விருத்தாசலம் என்பதும் அச்சடித்திருந்தன. அந்தச் சோம்பல்தான் பிறகு வினையாக வந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் தை மாதம், கோயம்பேட்டிலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு பெண் பெரிய பெட்டியோடு தனியாக இறங்கினாள். பெயர் கமலாவதி. பிஜித் தீவில் நாண்டி என்ற ஊரில் பள்ளிக்கூட டீச்சர். துணைக்கு யாரும் இல்லை, இந்தியாவில் ஒரு ஆளையும் தெரியாது, விலாசம் என்று கையில் இருந்தது சேலையோடு வந்த மஞ்சள் பை ஒன்றுதான். ஆட்டோக்காரரிடம் பையைக் காட்டினாள், அவர் கடைவீதியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். கல்லாவில் இப்போது பரக்கத்துல்லா உட்கார்ந்திருந்தார், தாடி நரைத்திருந்தது. அவள் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சேலையாக எடுத்து வைக்க வைக்க, அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஒரு வியாபாரி தான் விற்ற சரக்கை மறப்பதில்லை. தள்ளிவிட்ட சரக்கை மறக்கவே மாட்டான். சிவப்புச் சேலை வெளியே வந்தபோது அவர் எழுந்து நின்றுவிட்டார்.

அவள் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வந்தது, ஆனால் பேச்சு அசல் இந்த ஊர்ப் பேச்சு. அவளுடைய பாட்டிக்கு அம்மாவான பூட்டி, பச்சையம்மாள், வெள்ளத்தில் போகவில்லை. சந்தையில் ஒரு வண்டிக்காரனோடு சிரித்துப் பேசினாள் என்று யாரோ சொல்லி, வீடு திரும்பியவளை உள்ளே விடாமல் அண்ணன் கதவைச் சாத்திவிட்டார். கதவு திறக்கும் என்று வெளியிலேயே உட்கார்ந்திருந்து, திறக்காததால் எழுந்து கடலூர் வரை நடந்தாள். அங்கே பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் ஏறினாள். அடுத்த தை மாதம், இங்கே விடியும் நேரத்தில், அங்கே மத்தியானம், தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் இருந்த அவள் தகரப்பெட்டிக்குள் ஒரு கூறைச்சேலை மஞ்சள் வாசனையோடு கிடந்தது. அண்ணனுக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று அவள் அன்றைக்கு முழுவதும் அழுதாள். வண்டிக்காரன் எங்கே போனானோ, அவள் அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு பிள்ளை பெற்று, கிழவியாகித்தான் செத்தாள். அதற்குப் பிறகும் சேலை நிற்கவில்லை, மகள் வீட்டுக்கும் பேத்தி வீட்டுக்கும் வந்தது. கடல் கடந்து போன பெண்ணுக்கு வருஷம் தவறாமல் சேலை அனுப்பும் பிறந்த வீடு அந்தத் தீவில் வேறு யாருக்கும் இல்லை. அக்கம்பக்கத்தில் அதைச் சொல்லிச் சொல்லி அந்தக் குடும்பம் பெருமைப்பட்டுக்கொண்டது.

பரக்கத்துல்லா கடையை அடைத்துவிட்டு அவளைப் பழமலை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே அன்றைக்குத் திட்டக்குடிச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். பழமலையின் மகள் அன்புக்கரசிக்கும் ஆனந்தராஜுக்கும் அந்த மாதக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாள் பத்திரிகை மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கமலாவதி பெட்டியை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, பரக்கத்துல்லா அடையாளம் காட்டிய பழமலையின் காலைத் தொட்டாள்.

"மாமா, அம்மா சொல்லி அனுப்பிச்சிது. பூட்டி சாவுறப்ப சொன்னிச்சாம், யாராவுது ஒருத்தர் போயி, சீல வந்துகிட்டே இருக்குதுன்னு சொல்லிட்டு வரணும்னு. அதுக்குத்தான் வந்தேன்."

பிறகு கதவு சாத்தியதிலிருந்து கப்பல் ஏறியது வரை எல்லாவற்றையும் சொல்லி, சேலைகளைப் பாய்மேல் பரப்பினாள். சிவப்புச் சேலையைத் தனியாக எடுத்து விரித்தாள். கிழிசல் இருந்த இடத்தில் மஞ்சள் நூலால் ஒரு பூ தைத்திருந்தது.

"இத எங்கம்மா கல்யாணத்துக்குக் கட்டிச்சி. கொஞ்சம் கிழிஞ்சி வந்துச்சு. வழியில எங்கியோ மாட்டிக் கிழிஞ்சிருக்கும்னு அம்மா சொல்லும். ரொம்ப தூரம் இல்ல?"

பழமலைக்கு உடம்பு முழுவதும் சூளை வாய்க்கு எதிரில் நின்றாற்போல எரிந்தது. அவருடைய மனைவி அம்சவல்லி அந்த மஞ்சள் பூவையே பார்த்தார். பரக்கத்துல்லா தரையைப் பார்த்தார். இந்தப் பெண் சொல்வது உண்மை என்று தெரிய அவர்களுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. ஆனால் ராஜம்மாள் எதிரில் உட்கார்ந்திருந்தார். வீட்டை விட்டுக் கப்பலேறிய பெண்ணைச் சாமி என்று இத்தனை காலம் கும்பிட வைத்த குடும்பத்தில் யார் பெண் எடுப்பார்கள்? பழமலை ஒருமுறை ஜாடியைப் பார்த்துக்கொண்டார்.

"வூடு மாறி வந்துட்டம்மா" என்றார். "எங்க வூட்டுப் பொண்ணு ஆத்துல போயி செத்துச்சு. கப்பல்லலாம் போவல."

அவள் அதை நம்பினாளா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, சேலைகளை மடிக்க உட்கார்ந்தாள். ஒரு ஆயுசுக்கு மேல் வந்த சேலைகளை ஒரே ஆள் மடித்து முடிக்க நேரமாகும். அந்த நேரம் முழுவதும் கூடத்தில் இருந்த ஒருவரும் ஒரு முந்தானையைக்கூடப் பிடித்துக் கொடுக்கவில்லை. அம்சவல்லியின் கை ஒருமுறை நீண்டு, திரும்பி மடிக்கு வந்துவிட்டது. பரக்கத்துல்லா வெளியே வந்து பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்து, ஜங்ஷன் ரோட்டு லாட்ஜில் அவளை விட்டுவிட்டு, அன்றைக்குக் கடையைத் திறக்காமலே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பூவாடைக்காரிக்குப் படையல். கல்யாண வருஷம் என்பதால் பழமலை பட்டுச்சேலையே எடுத்திருந்தார். பம்பை அடித்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், எப்போதும் சாமியாடுகிற அம்சவல்லி அன்றைக்கு ஆடாமல் நின்றார். சனிக்கிழமை விடிந்து மூடியைத் திறந்தால் பட்டுச்சேலை வைத்தது வைத்தபடி கிடந்தது. அந்த வீட்டில் இப்படி ஒரு காலத்திலும் நடந்ததில்லை. பூசாரியைக் கூப்பிடலாமா, கொளஞ்சியப்பர் கோயிலில் முறையீடு எழுதிப் பிராது கட்டலாமா என்று பழமலை கேட்டுக்கொண்டே இருந்தார்.

அம்சவல்லி ஜாடிக்குள் குனிந்து சேலையை எடுத்து அவர் கையில் வைத்தார். "வாங்கிக்க வேண்டியவ இந்த ஊருலயே வந்து உக்காந்திருக்குறா. ஜாடிக்குள்ள வச்சா யாரு எடுப்பாங்க? போயி கையில குடுத்துட்டு வாங்க."

லாட்ஜில் அவள் காலி செய்துவிட்டாள் என்றார்கள். பழமலை பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார், அந்த வயதுக்கு அது ஓட்டம்தான். பையில் போடாத பட்டுச்சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவர் ஓடியதைப் பூக்கடைக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். சென்னை பஸ் கிளம்பும் நேரம், என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அவர் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் முன்னால் நின்றார்.

"பிரிச்சுப் பாரும்மா" என்றார். "இதுல கிழிசல் இல்ல."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்தச் சிவப்புச் சேலை வழியில் கிழியவில்லை என்பது புரிந்தது. அது புரிவதை அவர் நின்று பார்க்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தண்டனை தனக்கு வரவில்லை என்று பின்னாளில் அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

"இது சாமிக்கா, எனக்கா?" என்று கேட்டாள்.

என்ஜின் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் கேட்காது. பஸ்ஸில் பாதிப்பேர் தெரிந்த முகங்கள், சேத்தியாத்தோப்பு வியாபாரிகள், சூளைக்கு மண் ஏற்றிவருகிற ஆட்கள். பழமலை எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்: "உனக்குத்தாம்மா. பொறந்த வூட்டுச் சீல. நான் உன் மாமன். எங்க தாத்தாதான் கதவ சாத்துனாரு, முந்தாநாளு நானும் சாத்திட்டேன்."

அவள் சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கவில்லை. பிளேனுக்கு நேரமாகிவிடும் என்றாள், அது உண்மையாகவும் இருக்கலாம். கண்டக்டர் விசில் ஊத, பழமலை இறங்கினார்.

சம்பந்தி வீட்டாருக்கு அடுத்தவர் வாயால் தெரியக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை அவரே திட்டக்குடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணம் நின்றுபோகும் என்று தயாராகத்தான் போனார். ராஜம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "கப்பலேறுனது கெடக்கட்டும் சம்பந்தி. எங்க வூட்டுப் பூவாடைக்காரிகூட கெணத்துல வுழுந்தான்னுதான் சொல்றாங்க, யாரு பாத்தா? அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்த பொண்ணுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தமா நாம? நானும் அங்கதான உக்காந்திருந்தேன்?" என்று கேட்டார். கல்யாணம் சொன்ன தேதியில் நடந்தது.

அடுத்த தையில் சேலை வழக்கம்போல ஜாடியிலிருந்து போனது. ஆனால் ஜாடி காலியாக இல்லை. செம்பருத்திப் பூ அச்சிட்ட நீலத்துணி ஒன்று, நாண்டிக் கடை ஒன்றின் பையோடும் கமலாவதியின் போன் நம்பர் எழுதிய சீட்டோடும் கிடந்தது. அம்சவல்லி அதை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பிரித்துப் பார்த்தார். ஒரு கிழிசல் இல்லை. கிழிசலே இல்லாத இடத்தில் மஞ்சள் நூலால் ஒரு பூ மட்டும் தைத்திருந்தது. பழமலை அந்தத் துணியைத் தொடவே இல்லை. இப்போதெல்லாம் மார்கழி கடைசியில் அம்சவல்லி நாண்டிக்குப் போன் போட்டு, என்ன நிறம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகிறார்.

ஊர் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேசினால் அவரவர் வீட்டுக்கு வரும். பாலக்கரையிலும் கம்மாபுரத்திலும் ஆற்றில் போனவள், கிணற்றில் விழுந்தவள், பாம்பு கடித்தவள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி சாமியாக இருக்கிறாள், எவளுடைய உடலை எவர் பார்த்தார் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் தை மாதத்தில் பரக்கத்துல்லா கடையில் கிழிந்த சேலை விலைபோவதே இல்லை. வாங்குகிறவர்கள் சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முழுக்கப் பிரித்துப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள், அவரும் சலிக்காமல் மடித்துக் கொடுக்கிறார். வீட்டுக்குப் போய்ச் சேலை மடிப்புக்குள் ஒரு துண்டுச் சீட்டையும் வைத்துக் கும்பிடுகிறார்கள். அதில் கதவு எண், தெருப் பெயர், விருத்தாசலம் என்று எழுதி, அதன் கீழே, கதவு திறந்திருக்கிறது என்று எழுதியிருக்கும்.